வாசல் இல்லாத வீட்டுக்காரன்

நெலிஸ் ஹாவர்மன்ஸ் பிறந்தபோது அவன் தலை ஹாலந்திலும் கால் பெல்ஜியத்திலும் இருந்தன என்று மீ என்கிற மருத்துவச்சி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். தலை கிடந்த நாட்டிலிருந்து புத்தி வரும், கால் கிடந்த நாட்டிலிருந்து சுறுசுறுப்பு வரும் என்று நெலிஸின் அப்பா நம்பினார். இரண்டு நாடுகளும் அவரைக் கைவிட்டன.

பார்லெ ஊரில் கட்டில் இரண்டு நாட்டில் கிடப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. மோர்க்கஞ்சியில் வெல்லப்பாகை ஊற்றி ஒரே ஒரு சுற்று கலக்கிவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டுப் போன மாதிரி, ஹாலந்துக்குள் பெல்ஜியம் துண்டு துண்டாகக் கிடக்கும் ஊர் அது. உருளைக்கிழங்கு வயலில் ஒரு துண்டு, தேவாலயத்தைச் சுற்றி ஒரு பெரிய துண்டு, மாட்டுத் தொழுவத்தின் பாதியில் ஒரு துண்டு. இரண்டு மேயர், இரண்டு நகரமன்றம், இரண்டு பாதிரியார், இரண்டு போலீஸ். எல்லைக்கோடு நடுவீட்டில் ஓடினால் அந்த வீடு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதற்கு மட்டும் ஒரே ஒரு சட்டம்: முன்வாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம். வேறு ஊர்களில் கதவைக் கழற்றி மாட்டுவது தச்சன் வேலை. எங்கள் ஊரில் அது வெளியுறவுக் கொள்கை.

நெலிஸின் அப்பா பீர்க்கடை வைத்திருந்தார். வரி எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் வாசலை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில், ஹாலந்துச் சட்டப்படி கடையைச் சீக்கிரம் சாத்த வேண்டும் என்பதால் பெல்ஜியத்தின் பக்கம் வாசலை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். கடையும் வாசலும் நெலிஸுக்கு வந்தன. கூடவே அந்தக் கட்டிலும் வந்தது. மூன்றில் அவன் அதிகமாகப் பயன்படுத்தியது கட்டிலைத்தான்.

குளிரில் வெளியே போவது அவனுக்குப் பிடிக்காது. நடப்பது பிடிக்காது. யாராவது சத்தமாகப் பேசினால் அடுத்த அறைக்குப் போய் நின்றுகொள்வான். அவன் மனைவி ட்ரீகா கரி வெட்டுகிற குடும்பத்துப் பெண். பீர்ப் பீப்பாயைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் கதை பேசுவாள். இந்த மனுஷனைப் போய் எதற்குக் கட்டிக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், இவன் ஒருவன்தான் எதையும் செய்கிறேன் என்று சொல்லி ஏமாற்றவில்லை என்பாள். பதினைந்து வருஷமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊரில் பல ஆராய்ச்சிகள் நடந்தன. பெரும்பாலானவை நெலிஸின் சோம்பலில் போய் முடிந்தன.

தொள்ளாயிரத்துப் பதினாலாம் வருஷம் ஆகஸ்டில் சண்டை வந்தபோது, அது ஏன் வந்தது என்பதை இவர்கள் கடையில்தான் ஊர் தெரிந்துகொண்டது. விளக்கியவர் ஹாலந்துச் சுங்கக்காரர் யானுஸ். தினம் சாயங்காலம் வந்துவிடுவார். கடத்தல்காரர்களைப் பிடிப்பது அவர் வேலை. அவர்களும் அதே கடைக்கு வருவதால் அவருக்கு அலைச்சல் மிச்சம்.

யானுஸ் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தார். இது ஆஸ்திரியா, இதன் இளவரசர் பெண்டாட்டியோடு ஊர் பார்க்கப் போன இடத்தில் ஒரு பயல் சுட்டுவிட்டான் என்றார். சுட்டவன் பக்கத்திலிருந்த செர்பியாவுக்கு வேண்டியவன். செர்பியாவுக்கு ஜெனீவர் சாராயம் குடிக்கிற ஒரு சின்னக் கிளாஸ் வந்தது. ஆஸ்திரியா சின்னக் கிளாஸைத் தட்ட வந்ததும், சின்னக் கிளாஸின் சினேகிதன் என்று ரஷ்யா வந்தது. அது பெரிய ஜாடி. ஆஸ்திரியாவின் சினேகிதன் ஜெர்மனி. ரஷ்யாவின் சினேகிதன் பிரான்சு. ஜெர்மனி முதலில் பிரான்சை அடிக்க வேண்டும், ஆனால் நேர்வழியெல்லாம் பிரான்சுக்காரன் கோட்டை கட்டி வைத்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே, யானுஸ் ஜெர்மனியைச் சுற்றுவழியாக இழுத்துக்கொண்டு வந்து நெலிஸின் முன்னாலிருந்த குவளையில் மோதினார். பீர் முழுக்க நெலிஸின் மடியில் கொட்டியது.

"யோவ், அது என்னோட கிளாஸ்," என்றான் நெலிஸ்.

"அதுதாம்ப்பா பெல்ஜியம்."

பெல்ஜியத்தைத் தொட்டால் வருவேன் என்று தாத்தா காலத்தில் கையெழுத்துப் போட்ட இங்கிலாந்து, அடுப்பங்கரையிலிருந்து ஒரு பால் செம்பாக வந்து சேர்ந்தது. மேசையில் இடமில்லை. விளக்கிச் சொல்லச் சொல்ல ஆட்கள் நாடுகளைக் குடித்துக்கொண்டிருந்ததால் கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்றும் தெரியவில்லை.

மேசையைத் துடைக்க வந்த ட்ரீகா மட்டும், "அப்ப யாருக்கும் யார் மேலயும் நேரடியாக் கோவம் இல்ல. எல்லாம் சினேகிதத்தால வந்த வினை," என்றாள்.

அந்த மாதமே ஜெர்மன் பட்டாளம் பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. இலை உதிர்ந்து முடிவதற்குள், ராஜா போய் நின்றுகொண்ட கடலோரச் சேற்று மூலையைத் தவிர, அத்தனையும் போய்விட்டது. இன்னொன்றும் தப்பியது: பார்லெ. ஹாலந்து சண்டையில் சேரவில்லை. ஹாலந்து மண்ணை மிதிக்காமல் ஜெர்மானியர் எங்கள் துண்டுகளுக்கு வர முடியாது. ஆக, பெரிய பெரிய கோட்டைகளெல்லாம் விழுந்த நாட்டில், எங்கள் ஊர் உருளைக்கிழங்கு வயல்களும் பாதி மாட்டுத் தொழுவமும் சுதந்திர பெல்ஜியமாக நின்றன. நெலிஸ் இதைத் தன் வீரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான். திரிந்தான் என்றால், கட்டிலுக்கும் கடைக்கும் நடுவில்.

அடுத்த வருஷம் ஜெர்மானியர் தெற்கே எல்லை நெடுக மின்சாரக் கம்பி கட்டினார்கள். பசு செத்தது, பூனை செத்தது. பிறகு ட்ரீகாவுக்குப் பழக்கமான ரொட்டிக்கடைக்காரனின் மகன் செத்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஹாலந்துக்கு ஓடி வரப் பார்த்தவன். உடலை வண்டியில் கொண்டுவந்தபோது நெலிஸ் வாசலில் நின்றிருந்தான். பையனின் கை விரல்கள் கரியாயிருந்தன, முகம் மட்டும் தூங்குகிற மாதிரி இருந்தது. அன்று நெலிஸ் கடை திறக்கவில்லை. அதற்கப்புறம் சண்டையைப் பற்றி அவன் வீறாப்பாக ஒரு வார்த்தை பேசியதை யாரும் கேட்டதில்லை.

பதினாறாம் வருஷம் கோடையில், நாற்பது வயதுவரை உள்ள பெல்ஜியக்காரர்கள் எங்கே இருந்தாலும் பட்டாளத்துக்கு வரவேண்டும் என்று ராஜாவின் உத்தரவு வந்தது. நெலிஸுக்கு முப்பத்தேழு. எங்கள் ஊர்ப் பெல்ஜியப் போலீஸ் ஏட்டு ஃபிலிமோன் அழைப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். டெண்டர்மொண்ட ஊர்க்காரர். மீசையின் இரண்டு நுனியும் ஊசி மாதிரி நிற்கும். சண்டை வந்தபோது வேலை விஷயமாக இந்தப் பக்கம் வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் தங்கிவிட்டார். பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஜெர்மானியர் பிடித்த பக்கத்தில். சட்டத்தை விட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. தாளை ஆளின் கையில், அவன் முன்வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் பெல்ஜிய மண்ணில் நிற்கும்போது கொடுக்க வேண்டும். இதுதான் விதி.

ஏட்டு பக்கத்துத் தெருவரை வந்துவிட்டார் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசைக்குப் போயிருந்த நேரத்தில், நெலிஸ் வாசலை மாற்றினான். ஹாலந்தின் பக்கம் இருந்த ஜன்னலை இடித்து வாசலாக்கி, பெல்ஜியத்தின் பக்கம் இருந்த வாசலில் செங்கல் வைத்து அடைத்து, மேலே ஒரு ஜன்னல் விட்டான். விட்டான் என்பது மரியாதைக்கு. இடித்தவள், அடைத்தவள், கதவைத் தூக்கி மாட்டியவள் ட்ரீகா. நெலிஸ் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். அதையும் உட்கார்ந்துகொண்டுதான் பிடித்தான்.

திங்கட்கிழமை காலையில் ஏட்டு வந்து ஈரச் சுண்ணாம்பைப் பார்த்தார். மேலே ஜன்னலில் நெலிஸ் சிக்கரிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"நெலிஸ் ஹாவர்மன்ஸ் நீங்கதான?"

"நாந்தான் ஏட்டய்யா. ஆனா இப்ப வெளிநாட்டுல இருக்கேன்."

ஏட்டு வீட்டு மூலையை எட்டிப் பார்த்தார். சுற்றிக்கொண்டு புது வாசலுக்குப் போனால் அவர் ஹாலந்து மண்ணை மிதிப்பார். சீருடை போட்ட பெல்ஜியக்காரன் அங்கே கால் வைத்தால், நடுநிலை நாடு என்று சொல்லிப் பிடித்துச் சண்டை முடியும்வரை முகாமில் போட்டுவிடுவார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அந்த சல்யூட் யாருக்கு என்று கடையில் ரொம்ப நாள் விவாதம் நடந்தது.

நெலிஸின் நிம்மதி கோடை முடிகிறவரைகூடத் தாங்கவில்லை. ஊர்ப் பெல்ஜியத் துண்டில் ரகசியமாக ஒரு கம்பியில்லாத் தந்திக் கம்பம் நின்றது. அது தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் ரகசியம் வெகுதூரம்வரை தெரிந்தது. இதனால் ஜெர்மனியோடு வம்பு வந்துவிடுமோ என்று பயந்த ஹாலந்துப் பட்டாளம், பெல்ஜியத் துண்டுகளைச் சுற்றி ஏற்கெனவே போட்டிருந்த முள்வேலியை இப்போது ஓட்டை உடைசல் இல்லாமல் இறுக்க ஆரம்பித்தது. வேலி நெலிஸின் வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் வந்து முட்டியது, மறுபக்கம் தொடர்ந்தது. அப்படியானால் வீட்டுக்குள் எல்லை திறந்து கிடக்கிறதே என்று ஒரு அதிகாரி கண்டுபிடித்தார். சமையலறையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயை நிறுத்திவிட்டுப் போனார்.

அடுப்பு ஹாலந்தில். தண்ணீர்ப் பம்பும் பன்றிக்கொழுப்புச் சட்டியும் பெல்ஜியத்தில். ஒவ்வொரு தடவை கோட்டைத் தாண்டும்போதும் ட்ரீகா அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். முதல் நாள் சிப்பாய் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். மறுநாளும் பார்த்தான். மூன்றாம் நாள் அவள் சீட்டை அவன் கையில் கொடுத்து, நீயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிரு, இன்னொரு கையால் இந்த உருளைக்கிழங்கின் தோலைச் சீவு என்று சொல்லிவிட்டாள். அவன் நல்ல பையன். சீவினான். ஆனால் நெலிஸ் சாப்பிட உட்காரும்போது பின்னால் துப்பாக்கி நின்றது. அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குள் யானுஸ் ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். ஹாலந்திலும் ஊர்ப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள், பெயர் எழுதும் குமாஸ்தா இந்தத் தெருவுக்கு வரப்போகிறார் என்றார்.

"நான் பெல்ஜியக்காரன் அண்ணே."

"அதை அந்தக் குமாஸ்தாகிட்ட சொல்லு. அவரு வாசலத்தான் பாப்பாரு. வாசல் எங்க பக்கம் வந்தாச்சு, அப்ப ஆளும் எங்க ஆளுதான்."

"நீங்க சண்டையிலேயே இல்லியே, உங்களுக்கு எதுக்குப் பட்டாளம்?"

"சண்டைக்குப் போகாம இருக்கணும்னா சும்மாவா? அதுக்குத்தான் இம்புட்டுப் பட்டாளம்."

நெலிஸ் இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் யோசிக்கிறான் என்று ட்ரீகா சொன்னாள். ஊர் நம்பவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து, ஹாலந்துப் பக்கத்து வாசலையும் ஒரு ஜன்னல் மட்டும் விட்டு அடைத்துவிடு என்றான்.

அவன் சொன்ன நியாயத்தை ஊரில் படித்தவர்களாலும் உடைக்க முடியவில்லை. வாசல் பெல்ஜியத்தில் இருந்தால் வீடு பெல்ஜியம். வாசல் ஹாலந்தில் இருந்தால் வீடு ஹாலந்து. வாசலே இல்லை என்றால்? எந்த நாடும் இல்லை. எந்த நாடும் இல்லாத இடத்துக்கு எந்த ராஜாவின் தாளும் செல்லாது, எந்த ராணியின் குமாஸ்தாவும் வர முடியாது. கடைசிச் செங்கல் வைத்த கையோடு அவன் சமையலறைக்குப் போய், ஹாலந்துச் சிப்பாய் ஒருவன் அயல்நாட்டுக்குள் துப்பாக்கியோடு நிற்கிறான், இது நடுநிலையை மீறுகிற செயல் என்று சொன்னான். சிப்பாய்க்கு உடம்பெல்லாம் வியர்த்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சீவிய உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஜன்னல் வழியாகக் குதித்து வெளியேறினான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பட்டாளம் பின்வாங்கியது அந்தச் சண்டையில் அது ஒன்றுதான்.

இரண்டு மேயர்களும் சேர்ந்து வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் பேசி அதுவரை யாரும் பார்த்ததில்லை. இது உங்கள் தலைவலி என்று இவர் சொல்ல, இல்லை உங்களுடையது என்று அவர் சொல்ல, கடைசியில் சண்டை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் நெலிஸ் வெளியே காலை வைக்கவில்லை. பெல்ஜியத்தில் வைத்தால் ஃபிலிமோன். ஹாலந்தில் வைத்தால் குமாஸ்தா. பீர் இரண்டு ஜன்னல் வழியாகவும் வெளியே போயிற்று. ட்ரீகா எந்த ஜன்னலில் வேண்டுமானாலும் ஏறி இறங்கினாள். அவளை எந்த ராஜாவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும் என்று பலரும் நினைத்தார்கள்.

ஏட்டு தினம் காலையில் வந்தார். பெல்ஜியத்தின் பக்கம் அடைத்த வாசலுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்காருவார். சட்டைப் பையில் தாள் இருக்கும். ஈரம் காயுமுன் நெலிஸ் சாய்ந்து உட்கார்ந்த பக்கத்துச் செங்கல் வரிசையில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காமல் ஒரு சந்து விழுந்திருந்தது. அந்தச் சந்து வழியாக நெலிஸ் முதலில் அவர் இருக்கிறாரா என்று பார்த்தான். பிறகு வணக்கம் சொன்னான். பிறகு அந்தச் சந்து வழியாகத்தான் உலகச் சண்டை முழுவதும் அந்த வீட்டுக்குள் வந்தது.

"இன்னைக்கு என்ன ஏட்டய்யா?"

"நம்ம கூட்டாளிங்க ஒரு கோழிப்பண்ணை அளவு முன்னேறியிருக்காங்க."

"நேத்து?"

"நேத்து அது அவங்க கையில இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் நம்ம கையில."

"கோழிங்க?"

"அதெல்லாம் மொத நாளே போச்சு."

இப்படித்தான் சோம் ஆற்றங்கரையையும் வெர்டனையும் நெலிஸ் தெரிந்துகொண்டான். ஒவ்வொரு கோழிப்பண்ணைக்கும் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று ஏட்டு சொல்லுகிறபோது மட்டும் நெலிஸ் எழுந்து அடுத்த அறைக்குப் போய் நின்றுகொள்வான். ஒரு தடவை, ரஷ்யா சண்டையிலிருந்து வெளியே போய்விட்டது என்று ஏட்டு சொன்னார். நெலிஸுக்கு ஆச்சரியம். அப்படி வெளியே போகிற வழி ஒன்று இருக்கிறதா, முன்னாலேயே சொல்லக்கூடாதா என்றான். முதலில் வீட்டு ராஜாவைத் தூக்க வேண்டும், அங்கே அப்படித்தான் செய்தார்களாம் என்றார் ஏட்டு. எங்கள் வீட்டில் ராஜா யாரும் இல்லையே என்றான் நெலிஸ்.

"ஏன் இல்ல," என்று உள்ளேயிருந்து ட்ரீகா சொன்னாள். "நாள் பூரா கட்டில்ல கெடக்கானே."

அமெரிக்காவும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது, அவர்களுக்கு யார் சினேகிதம் என்று நெலிஸ் கேட்டான். சினேகிதம் இல்லை, கப்பலை முழுக்கடித்துவிட்டார்கள் என்றார் ஏட்டு. பரவாயில்லையே, ஒருத்தருக்காவது சொந்தக் கோபம் இருக்கிறதே என்று ட்ரீகா சொன்னாள்.

சில நாள் ஏட்டு செய்தி எதுவும் சொல்லமாட்டார். பெரிய பெண்ணுக்கு இப்போது சமைக்கத் தெரிந்திருக்கும், சின்னவளுக்கு அப்பா முகம் மறந்திருக்கும் என்பார். அந்த நாட்களில் நெலிஸ் சந்து வழியாகப் பொரித்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை நீட்டுவான். ஏட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதனால் தாள் செல்லாமல் போய்விடாது என்பார். தெரியும் ஏட்டய்யா, உப்புச் சரியா என்பான் நெலிஸ்.

பதினெட்டாம் வருஷம் வசந்தத்தில் ட்ரீகா உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் ஆராய்ச்சி செய்தவர்கள் அத்தனை பேரும் முடிவை மாற்றிக்கொண்டார்கள். கோளாறு சோம்பல் இல்லை, வாசல்தான் என்றார்கள். யானுஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஜெர்மானியர் நாலு வருஷமாக முயன்றும் முடியாத காரியம் என்று வாழ்த்துச் சொன்னார். செய்தியை ட்ரீகா சொன்னபோது நெலிஸின் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, எந்த நாட்டுப் பிள்ளை என்பது. அவள் மரச்செருப்பைக் கழற்றி எறிந்தாள். குறி தப்பவில்லை.

இலையுதிர் காலத்தில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. ஸ்பெயின் காய்ச்சல் என்றார்கள். அதுவரை வந்த எந்தப் பட்டாளத்துக்கும் பார்லெயின் வேலி தாங்கியது, இதற்குத் தாங்கவில்லை. காலையில் பால் கறந்தவன் மறுநாள் பெட்டியில் இருந்தான். ஹாலந்துப் பக்கத்துப் பாதிரியார் படுத்தார். பெயர் பதிகிற குமாஸ்தா படுத்தார். ஹாலந்துக்காரர்கள் தங்கள் நகரமன்றத்தையே சாத்திவிட்டார்கள்.

நவம்பர் ஆரம்பத்தில் ட்ரீகாவுக்கு வலி எடுத்தது. மீ கிழவியை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி ஜன்னலில் ஏற்றினார்கள். பாவாடை கொக்கியில் மாட்டிக்கொண்டு பாதியில் தொங்கினாள்.

"பிள்ள வெளிய வரதுக்கு நான் வேணும்," என்றாள். "நான் உள்ள வரதுக்கு எவடா மருத்துவச்சி?"

பெண் குழந்தை. சின்ன உருவம். அழுகை மட்டும் ட்ரீகாவின் குரல். நெலிஸ் அடுத்த அறைக்குப் போய் நிற்கவில்லை. அழுகை ஓய்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பெயர் பதிய வேண்டும், ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். ஹாலந்தில் ஆபீசும் இல்லை, பாதிரியாரும் இல்லை. பெல்ஜிய ஆபீசுக்கு ஏட்டே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டு முன்வாசல் பெல்ஜியத்தில் இருந்தால் பதிவோம், இல்லாத வாசலுக்குப் பிள்ளை எழுத முடியாது என்று குமாஸ்தா சொல்லிவிட்டாராம். பாதிரியாரும் அதையேதான் சொன்னார். எந்தப் பங்கில் பிறந்தது என்று தெரியாமல் எந்தப் புத்தகத்தில் எழுதுவது? நல்ல மனுஷர்தான், பாவம். ஆனால் அந்த வாரம் அவர் நான்கு சாவுக்குப் போயிருந்தார், நின்று யோசிக்க நேரமில்லை.

நெலிஸ் சந்து வழியாக ஏட்டிடம் வழி கேட்டான். நான்கு நாள் பொறுத்துப் பார்க்கலாம், ஹாலந்துக் குமாஸ்தா பிழைத்து எழுந்தால் அந்தப் பக்கம் ஒரு வாசல் வைக்கலாம், ஊர்ப்படை என்றால் வேலிக்குக் காவல் நிற்பதோடு சரி, உயிர் போகாது என்று கணக்குப் போட்டான். அன்று மத்தியானம் எதிரே மரச்செருப்புச் செய்கிறவன் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டி போயிற்று. ஒரு கையில் தூக்கிப் போகிற அளவுப் பெட்டி. ஹாலந்து ஜன்னலிலிருந்து ட்ரீகா அதைப் பார்த்தாள். குழந்தையை மாரில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ சாகப் பயந்து வாசல அடைக்கச் சொன்ன. நான் ஒரு வார்த்த பேசல. அடச்சுக் கொடுத்தேன்," என்றாள். "நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எந்தச் சாமியாரு வருவாரு? எந்த மண்ணுல கொண்டு வைப்ப? சமையக்கட்டுலயா?"

நெலிஸ் ரொட்டிக்கடைப் பையனின் விரல்களை நினைத்துக்கொண்டிருந்தானா, வேறெதையாவது நினைத்தானா, யாருக்கும் தெரியாது. எழுந்து போய், ட்ரீகாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு பெல்ஜியத்தின் பக்கத்துச் சுவர் முன்னால் நின்றான்.

நின்றுகொண்டே வேலை செய்தான். அதைப் பார்க்க ஊரே வந்தது. முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடி சுண்டுவிரலில். ட்ரீகா கட்டியது பலமான சுவர். வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்த ஏட்டு சத்தம் கேட்டு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார், கோட்டைக் கழற்றி முக்காலியில் மடித்து வைத்தார். கொல்லையிலிருந்த கடப்பாரையை எடுத்துவந்து, சந்து இருந்த இடத்தில் நுழைத்து வெளிப்பக்கத்திலிருந்து செங்கலை நெம்ப ஆரம்பித்தார். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் இடித்தார்கள். ஆள் உயரத்துக்குச் சுவர் விழுந்ததும் அந்த ஜன்னல் நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை ஒருவருக்கு இன்னொருவர் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான்.

"ஏட்டய்யா இவ்ளோ குள்ளமா?" என்றான் நெலிஸ்.

"உட்காந்தே பாத்திருக்க."

"தாளு இருக்கா?"

"இருக்கு. மொதல்ல பிள்ளையக் காட்டு."

ட்ரீகா குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அந்த மனுஷன் அதை வாங்கிய விதத்திலேயே, பிள்ளை தூக்கிப் பழகிய கை என்று தெரிந்தது. நாலு வருஷமாகச் சும்மா இருந்த கை. செங்கல் தூசியும் மீசையுமாகக் குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கி நிற்க ஞானத்தகப்பன் யார் என்று கேட்டார். நெலிஸின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம். பாதிப்பேர் காய்ச்சலில். யாரும் இல்லை என்றான்.

அப்படியாக, அந்தச் சாயங்காலம் புது வாசல் வழியாகக் குழந்தை போயிற்று. தூக்கிக்கொண்டு போனவர், அதன் அப்பாவைப் பிடிக்க வந்த போலீஸ்காரர். பாதிரியார் பெயர் கேட்டபோது ட்ரீகா, ஃபிலோமேனா என்றாள். குமாஸ்தா எழுதினார். சர்க்கரை கிடைக்காத காலம், ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கும் சர்க்கரை வாதுமைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஏட்டு கோட்டைப் போட்டுக்கொண்டார், தொப்பியை வைத்துக்கொண்டார், வாசல்படியில் நின்று தாளை நெலிஸின் கையில் கொடுத்து சல்யூட் அடித்தார். இந்தத் தடவை யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது.

நெலிஸ் ஒரு மூட்டையும் கம்பு ரொட்டியுமாகக் கிளம்பினான். கடலைத் தாண்டி இங்கிலாந்து, அங்கிருந்து பிரான்சு, அங்கிருந்து ராஜாவின் மூலை. ஹாலந்தின் ஃபிளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் கப்பலுக்காக நின்றபோது எல்லாக் கோயில் மணியும் ஒன்றாக அடித்தது. சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினான். ஒரு பெல்ஜிய அதிகாரி தோளைத் தொட்டுத் திருப்பி, சண்டைதான் முடிந்தது, தாள் முடியவில்லை என்றார்.

சண்டை முழுக்க வீட்டுக்குள் இருந்த நெலிஸ் சமாதானம் வந்தபின் பட்டாளத்தில் சேர்ந்தான். சீருடை கொடுத்தார்கள், பெரிய அளவு. தோற்ற ஜெர்மனியைக் காவல் காக்க ரைன் ஆற்றோரம் அனுப்பினார்கள். அந்த நாட்களில் ஃபிலிமோன் டெண்டர்மொண்டவுக்குப் போய்விட்டார். பெண்டாட்டியும் பெண்களும் உயிரோடு இருந்தார்கள், வீடுதான் இல்லை. ட்ரீகா தனியாகக் கடை நடத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் வாசல் வைத்துவிட்டாள். இனி எந்த நாட்டுக்காரன் வந்தாலும் என்னோடு பேசிக்கொள்ளட்டும் என்றாள். யாரும் வரவில்லை.

ரைன் கரையில் நெலிஸுக்குக் கொடுத்த வேலை, டர்னிப் கிழங்கு அடுக்கியிருந்த ஒரு பண்ணைக் கிடங்குக்கு முன்னால் மழையில் நிற்பது. கிடங்குக்காரி ஒரு வயதான ஜெர்மன்காரி, இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள். தினம் அவனை முறைத்துக்கொண்டு போவாள். வாரங்கள் போனபின் ஒரு நாள், அவன் தும்முவதைப் பொறுக்க முடியாமலோ என்னவோ, ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். அவள் பாஷை எங்கள் பாஷைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, மெதுவாகப் பேசினால் புரியும்.

"ஏம்ப்பா, உன்ன நான் எதுவும் செய்யல. எம் புள்ளைங்களும் உன்ன ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க," என்றாள். "நீ எதுக்கு இந்தச் சண்டைக்கு வந்த?"

நெலிஸ் யானுஸ் அடுக்கிய குவளைகளை எல்லாம் வரிசையாக யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகத்தில் நிற்கவில்லை. சூப்பை ஒரு வாய் குடித்தான்.

"எம் பொண்ணு பேரப் பதியறதுக்கு வந்தேம்மா," என்றான்.